தொடைக்கு நல்லது, கசிவுக்கு ஒன்றும் இல்லை

ஆன்லைனில் இந்த உடற்பயிற்சிக் கருவியை 549 ரூபாய்க்கு வாங்கினேன். பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும், நடுவில் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச். தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி அழுத்தி விட வேண்டும். பெட்டியில் 'கெகல் டிரெய்னர், சிறுநீர்க் கசிவு இனி இல்லை' என்று போட்டிருக்கிறது. எனக்கு 44 வயது, இரண்டும் சுகப்பிரசவம். தும்மினால், இருமினால், தண்ணீர் கேனைத் தூக்கினால் கொஞ்சம் கசியும். கல்யாண வீட்டில் யாராவது ஜோக் அடித்தால் எல்லாரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள், நான் காலைப் பின்னிக்கொண்டு சிரிப்பேன். டாக்டரிடம் சொல்லக் கூச்சம், அதனால்தான் இதை ஆர்டர் போட்டேன்.

பொருள் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஸ்பிரிங் இன்னும் தளரவில்லை. இரண்டு மாதம், தினமும் சீரியல் பார்த்துக்கொண்டே செய்தேன். தொடை கெட்டியானது. கசிவு மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் டாக்டரிடம் போனேன். 'ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ்' என்று எழுதினார், இன்கான்டினென்ஸ் என்றால் கசிவு. வீட்டில் சீட்டைப் பார்த்துவிட்டு இவர், "உனக்கு அப்படி என்னம்மா டென்ஷன்?" என்றார். மனக்கவலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இங்கே ஸ்ட்ரெஸ் என்றால் இருமும்போது வயிற்றுக்குள்ளிருந்து சிறுநீர்ப்பை மேல் விழுகிற அழுத்தம். அங்கிருந்து ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்கள், சின்ன வயதுப் பெண். கருவியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து, "அக்கா, நீங்க வீட்டில் செய்ற மாதிரியே அமுக்குங்க" என்றாள். திரையில் சிறுநீர்ப்பையின் அடிக்கோடு அசையவே இல்லை. "இப்போ அதை எடுத்துடுங்க, வாயுவை அடக்குற மாதிரி உள்ளே இழுங்க." இழுத்தேன் என்றுதான் நினைத்தேன், கோடு கீழே இறங்கியது! முக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். நாலாவது தடவை, மூச்சைப் பிடிக்காமல், பின்னாலிருந்து முன்னால் இழுத்தபோது கோடு லேசாக மேலே ஏறியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

விஷயம் இதுதான். இந்தக் கருவி வேலை வாங்குவது தொடையின் உட்புறத் தசைகளை. நமக்கு வேண்டியது வேறு. அடிவயிற்றுக்குக் கீழே முன்னால் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியது போல ஒரு தசை இருக்கிறது, லிவேட்டர் ஏனை என்பார்கள். சிறுநீர், பிரசவம், மலம் மூன்றின் வழியும் அதற்குள்ளேதான் போகின்றன. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் 4 செ.மீ. அளவுதான். தும்மும்போது தூளி விறைத்துத் தாங்கினால் குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும், பிரசவத்தில் இழுபட்டுத் தளர்ந்திருந்தால் கசியும். இன்னொன்று, பெட்டியில் பெயர் போட்டிருக்கிற கெகல், 1948இல் இந்தத் தசையை இறுக்கும் பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்டு கெகல். அவர் வைத்திருந்த கருவி பிறப்புறுப்புக்குள் வைத்துத் தசையின் அழுத்தத்தை அளப்பது. தொடைப் பக்கமே அவர் போகவில்லை.

எனக்குச் சொன்ன பயிற்சிக்குச் செலவே கிடையாது. இறுக்கி ஆறேழு நொடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ள வேண்டும், எனக்கு முதலில் பலித்தது இதுதான். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து அதைத் தினமும் செய்யாதீர்கள். அப்புறம், எல்லாருக்கும் தசை தளர்ந்துதான் இருக்கும் என்றில்லை, சிலருக்கு இறுகிப்போயிருக்கும். அவசரமாக வந்து அடக்க முடியாமல் போவதும் வேறு கதை. எரிச்சலோ ரத்தமோ இருந்தால் எந்தக் கருவியும் வாங்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

பத்து வாரம் ஆகிறது. தும்மலுக்குப் பயமில்லை. கேஸ் சிலிண்டரை நகர்த்தினால் இன்னும் துளி வருகிறது.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் நாள் தாண்டிவிட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, 'தினமும் 30 நிமிடம் செய்யவும்' என்று ஒரு வரி பதில். ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டேன். கருவி இப்போது என் மகளிடம். பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள், அரைமண்டிக்குத் தொடை பலம் வேண்டுமாம், அவள் நாலு ஸ்டார் என்கிறாள்.