என் பெயரில் சுற்றும் கடன் கடிதத்தை நம்பாதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேன்பதி பக்கத்து விவசாயிகள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். "விவசாயக் கடன் 2,50,000 ரூபாய் அனுமதிக்கப்பட்டது" என்று என் பெயர் போட்ட கடிதம் ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அப்படி ஒரு கடன் எனக்கு வரவே இல்லை. அந்தக் கடிதத்தை நம்பி நான் 26,499 ரூபாயைப் பறிகொடுத்தேன்.

மாசி மாதம், தக்காளி பூவெடுத்த சமயத்தில் போர்வெல் மோட்டார் கருகிவிட்டது. பாலக்காடு என்றாலே மழையும் வயலும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம். நான்கு நாள் தண்ணீர் இல்லை என்றால் பூ உதிர்ந்துவிடும்.

வங்கிக்கு ஏன் போகவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். முந்தைய வருடம் போனேன். விண்ணப்பம் மலையாளத்தில் இருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும். தமிழ் வழியில் படித்ததால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். வில்லேஜ் ஆபீசில் நிலம் என் கைவசம் இருப்பதற்கான சான்றிதழ், வரி ரசீது, மறுபடியும் வேறொரு தாள் என்று மூன்று நடை நடந்தேன். ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்சி எழுதி வாங்க வேண்டியிருந்தது. தமிழில் எழுதி அரசுக்கு அனுப்பும் உரிமையைக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே நமக்குத் தந்திருக்கிறது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

இந்த மோசடி சுத்தமான தமிழில் வந்தது. வேலந்தாவளம், பொள்ளாச்சி மார்க்கெட்டுகளின் காய்கறி விலையைக் காலையில் போடும் ஒரு குழுவில் நானும் இருக்கிறேன். ஒரு வருடமாக அந்த விலையைப் பார்த்துத்தான் பெட்டி ஏற்றுகிறேன். அந்தக் குழுவில்தான் "4 சதவீத வட்டியில் கிசான் கடன்" என்ற விளம்பரம் வந்தது. அதைத் தொட்டால் ஒரு முகநூல் பக்கம் திறந்தது. அதன் கீழே "எனக்கு வந்துவிட்டது, நன்றி" என்று பத்துப் பதினைந்து பேர் எழுதியிருந்தார்கள். 4 சதவீதம் என்பது உண்மையான கணக்கு: கிசான் கடன் அட்டையில் 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி. அந்த அளவு எனக்குத் தெரிந்திருந்ததால்தான் நம்பினேன்.

அந்தப் பக்கத்தின் சார்பில் பேசியவன் 'அக்கா' என்றான். எத்தனை ஏக்கர், என்ன ரகம், சொட்டுநீர் போட்டிருக்கிறீர்களா என்று நிதானமாகக் கேட்டான். இத்தனை வருடத்தில் எந்த அலுவலகத்திலும் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆதார், பான், வரி ரசீது, பாஸ்புக் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன்.

மறுநாளே முத்திரையோடு கடிதம் வந்தது. கோப்புக் கட்டணம் 2,999 கேட்டான், கட்டினேன். காப்பீடு என்று 8,500 கேட்டான், அதையும் கட்டினேன். மூன்றாம் நாள், என் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறாகப் பதிவாகிப் பணம் நின்றுவிட்டது, திருத்த 15,000 கட்ட வேண்டும், அது கடனோடு திரும்பி வரும் என்றான். கம்மலை அடகு வைத்து அனுப்பினேன். மூன்று முறையும் மூன்று தனி ஆட்களின் பெயரில் பணம் போனது. அது கண்ணில் பட்டும் நான் கேட்கவில்லை. ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற பயம் வாயைக் கட்டிவிட்டது. அடுத்து ஜி.எஸ்.டி. என்று 22,000 கேட்டபோதுதான் கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி பார்த்த உடனே சொல்லிவிட்டார். 3 லட்சம் வரை கிசான் கடனுக்குக் கோப்புக் கட்டணமே கிடையாது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஈடும் கேட்கக் கூடாது. பயிர்க் காப்பீட்டுத் தொகையைக் கடன் கணக்கிலிருந்துதான் பிடிப்பார்கள். யாருடைய போன் எண்ணுக்கும் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். இந்த மூன்றும் எங்கள் கிருஷி பவன் (அரசு வேளாண்மை அலுவலகம்) சுவரில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தால் என் கம்மல் காதிலேயே இருந்திருக்கும்.

இணைய மோசடிக்கான அரசு உதவி எண் 1930இல் புகார் செய்தேன். முதல் பணம் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. கடைசியாக அனுப்பியதில் 4,200 ரூபாயை மட்டும் ஒரு கணக்கில் முடக்க முடிந்தது. மற்றதெல்லாம் கணக்கு மாறிக் கணக்கு மாறிப் போய்விட்டது. ஆதாரின் கைரேகைப் பூட்டை அக்ஷயா எனும் அரசு இணையச் சேவை மையத்தில் போட்டுக்கொண்டேன்.

நடந்ததை வெளியில் சொல்லாமல்தான் இருந்தேன். போன வாரம் வடகரைப்பதியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தங்கை கூப்பிட்டாள். "அக்கா, உங்களுக்குப் பணம் வந்துவிட்டதா? உங்கள் கடிதத்தைக் காட்டித்தான் என்னிடம் 2,999 வாங்கினார்கள்" என்றாள். அவர்கள் மறைக்காமல் விட்டிருந்த என் எண்ணை அந்தக் கடிதத்திலிருந்தே எடுத்திருக்கிறாள். நான் நம்பிய அந்தப் பத்துப் பதினைந்து பெயர்களில் எத்தனை பேர் என்னைப் போல ஏமாந்தவர்களோ என்று அன்று இரவெல்லாம் தூக்கமில்லை.

அவள் பணம் அனுப்பி அப்போது ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. உடனே 1930க்குப் பேசச் சொன்னேன். அவளுடைய பணம் வழியிலேயே நின்றுவிட்டது.

நீங்களும் அனுப்பியிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள். கடிதத்தில் என் பெயரைப் பார்த்தவர்கள் எந்த நேரமும் என்னைக் கூப்பிடலாம். போலிக் கடிதம், பணம் கட்டிய ரசீதுகள், புகார் எண் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நேரில் வந்தாலும் காட்டுகிறேன்.