முழங்காலில் கட்டும் மின்னாக்கிப் பட்டை: ஒரு மாதம் அணிந்து பார்த்தபின்

உடலசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் துணிகளைப் பற்றி நெடுநாளாகப் படித்து வந்ததால், முழங்காலில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றை வாங்கி ஒரு மாதம் நாள்தோறும் அணிந்து நடந்தேன். இழுத்தால் நீளும் துணி, அதன் மடிப்புக்குள் தைத்த பி.வி.டி.எஃப். என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், இடுப்பில் செருகும் சிறு பெட்டி, அவ்வளவுதான் பொருள். பெட்டிக்குள் மின்னோட்டத்தை ஒரே திசையில் செலுத்தும் அலைதிருத்தியும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், ஓர் எல்.இ.டி. விளக்கும் உள்ளன, படலத்தின் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை அலையாக வரைந்து காட்டும் திரை தனி பேட்டரியில் இயங்குகிறது.

சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதை ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். இழுத்து நீட்டி, வலுவான மின்புலத்தில் வைத்துப் பதப்படுத்திய பி.வி.டி.எஃப். படலத்துக்கும் அந்தக் குணம் வலுவாக உண்டு என்பதை ஜப்பானிய ஆய்வாளர் ஹெய்ஜி கவாய் 1969-இல் காட்டினார். வளையக்கூடிய பொருள் என்பதால் துணிக்குள் வைக்க இது ஏற்றது. முழங்கால் மடங்கும்போது ஒரு திசையிலும் நிமிரும்போது எதிர்த்திசையிலும் மின்னோட்டம் வருவதால்தான் அலைதிருத்தி தேவைப்படுகிறது.

அரை மணி நேர நடையில் மின்தேக்கி 5 வோல்ட்டை எட்டியது. பொத்தானை அழுத்தியதும் விளக்கு பளிச்சென்று மின்னி, கண் இமைப்பதற்குள் அணைந்தது. என் காலே ஏற்றிய வெளிச்சம் அது என்ற மகிழ்ச்சியில் அன்று மீண்டும் ஒரு சுற்று நடந்தேன். ஆனால் அதில் சேர்ந்திருந்த ஆற்றல் 1.25 மில்லிஜூல் மட்டுமே. ஏறக்குறைய 15 வாட்-மணி கொள்ளளவுள்ள கைபேசி பேட்டரிக்கு 54,000 ஜூல் வேண்டும். இந்த வேகத்தில் இரவுபகலாக நடந்தாலும் அது நிரம்ப இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். படலம் தரும் மின்னழுத்தம் கணிசமானதுதான், மின்னோட்டமோ மைக்ரோ ஆம்பியர் அளவைத் தாண்டுவதில்லை. 2008-இல் ஆய்வாளர் மேக்ஸ் டோனலனின் குழு முழங்காலில் பொருத்திய கருவிகளால் ஏறத்தாழ 5 வாட் எடுத்துக் காட்டியது உண்மை. அது பற்சக்கரங்களும் ஜெனரேட்டரும் கொண்ட கனமான கருவி, துணி அன்று. ஆகவே அட்டைப்பெட்டியின் மேல் கைபேசிப் படத்தை அச்சிட்டிருப்பது வாங்குபவரைத் தவறான எதிர்பார்ப்புக்கு இழுக்கிறது, அதை நீக்க வேண்டும்.

அசைவை அளக்கும் உணரியாகப் பார்த்தால் இது அருமையான பொருள். சில மாதங்களுக்கு முன் அடிபட்ட என் இடது முழங்காலில் கட்டியபோது திரையில் அலை தாழ்ந்தும், வலது காலில் உயர்ந்தும் தெரிந்தது. சரியாகத்தான் நடக்கிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருக்க, இடது கால் முழுமையாக மடங்கவில்லை என்பதை அந்தக் கோடு காட்டிக் கொடுத்தது. பட்டையை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் கட்டினால்தான் இந்த ஒப்பீடு செல்லும்.

நீடித்து உழைக்கும் தன்மைதான் போதவில்லை. மூன்றாம் வாரத்தில் அலை விட்டுவிட்டு வரவே, தையலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படலம் முழுதாக இருந்தது. அதன் மேலிருந்த வெள்ளிப் பூச்சில், மடிப்பு விழும் இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. படலத்தை மட்டும் தனியாக விற்பதில்லை என்று தயாரிப்பாளர் பதில் அனுப்பினார். வியர்வையில் நனைந்த பட்டையைத் துவைக்கவும் வழியில்லை, ஈரத்துணியால் துடைக்கத்தான் முடியும். அசைவை அளந்து கற்க விரும்பும் மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன், பூச்சு விரிசல் விடாத அடுத்த பதிப்பு வந்த பிறகு.