மூக்கு நிறமா, நடத்தையா? பெண் பட்ஜியின் பருவத்தைக் கணிப்பது எப்படி

பெண் பட்ஜி (கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளி) ப்ரீடிங் கண்டிஷனுக்கு, அதாவது இனப்பெருக்கத்துக்குத் தயாரான நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு சாரார் மூக்கு நிறத்தை நம்புகிறார்கள், இன்னொரு சாரார் நடத்தையை. என் ஓட்டு நடத்தைக்கு.

மூக்கு விஷயம் வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அலகுக்கு மேலுள்ள சதைப்பகுதி மற்ற நாட்களில் வெளிர் நீலமாக, துளைகளைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இருக்கும். பருவம் வந்ததும் பழுப்பாகி, அடர் காப்பி நிறத்துக்குப் போய்ச் சொரசொரப்பாகும். பறவையைக் கையில் பிடிக்காமலே பார்க்கலாம், அதுதான் வசதி. (ஆணுக்கு நீல மூக்கு பழுப்பானால் அது பருவமல்ல. விரைக்கட்டி இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.)

கோளாறு காலக்கணக்கில் இருக்கிறது. ஹார்மோன் முன்னே போகும், நிறம் பின்னால் வரும். பழுப்புத் தோல் அடுக்கடுக்காகத் தடித்து, பருவம் தணிந்த பிறகும் உதிரும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே காப்பி நிற மூக்கை மட்டும் பார்த்தால் பறவை ஏறுமுகத்தில் இருக்கிறதா, இறங்குமுகத்திலா என்று சொல்ல முடியாது. இறங்குமுகத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கூட்டுப்பெட்டி வைத்து ஆணைச் சேர்த்தால், அது ஆணை விரட்டிக் கொத்தக்கூடும். இன்னொன்று, ஒரு வயது நிரம்பாத பெண்ணுக்கும் மூக்கு பழுப்பாகிவிடும். முட்டை போடும் அளவுக்கு உடம்பு முதிர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

நடத்தை இன்றைய நிலவரத்தைச் சொல்லும். தீனிக்கிண்ணத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும், இருட்டான மூலை தேடும். கூண்டுக்கு அடியில் விரித்த காகிதத்தை ஓரத்திலிருந்து நார் நாராகக் கிழிக்கும். சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்க வைக்கும் கணவாய் ஓடு வழக்கத்தைவிட வேகமாகத் தேயும். ஆண் ஊட்டுவதை மறுக்காமல் வாங்கும். உச்சத்தில் குச்சியில் தாழ்ந்து, முதுகை வளைத்து, தலையையும் வாலையும் தூக்கி நிற்கும். கடித்துக் குதறுவதை மட்டும் தனி அறிகுறியாக எடுக்காதீர்கள், பருவம் இல்லாத நாளிலும் பெண் பட்ஜி மரத்தை விடாது. மூலை தேடுவதும் ஊட்டலை ஏற்பதும் சேர்ந்து நாலைந்து நாள் தொடர்ந்தால்தான் கணக்கு.

முட்டை நெருங்குவதைக் காட்டிக்கொடுப்பது எச்சம். கூட்டை அசிங்கம் செய்யாமல் அடக்கிவைத்து, வெளியே வந்ததும் பெரிதாக, நாற்றத்தோடு ஒரே தடவையில் போடும். ஆசனவாய்ப் பகுதியும் உப்பித் தெரியும். அதன்பின் ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு முட்டை, பெரும்பாலும் 4 முதல் 6 வரை.

மூக்கு அறவே உதவாது என்றில்லை. வெளிர் நீலமாக இருக்கும்போது பெட்டி வைக்க வேண்டாம், அந்த அளவில் அதன் தீர்ப்பை ஏற்கலாம். எந்த நிறத்தில் இருந்தாலும் சரி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, வால் துடிக்க முக்கினால் முட்டை அடைத்துக்கொண்டிருக்கலாம். கதகதப்பாக வைத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.