வெண்கண்டலா, சுரபுன்னையா: உப்பில் எது தாக்குப்பிடிக்கும்?

சேலம் மாவட்டத்து ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அதற்குத் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. வெண்கண்டலும் சுரபுன்னையும் அங்கே உப்புநீரில் வளரும் மரங்கள். ஆக, சேலத்து மழைக்கும் அங்குள்ள மரங்களின் ஒளிச்சேர்க்கைக்கும் தொடர்பு உண்டு. (நதியில் தண்ணீர் வந்தால்தானே என்கிறீர்களா? அது வேறு கதை.)

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது கூடக்கூட வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். மரம் இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். தண்ணீர் மிச்சம்தான், ஆனால் கரியமில வாயு உள்ளே வருவது குறைந்து உணவுத் தயாரிப்பும் மந்தமாகும். இதுவரை சரி, நன்னீர் வந்தால் தேறிவிடும். இலைக்குள் சோடியம் சேர்ந்து பொட்டாசியம் குறைந்தால்தான் வம்பு: ஒளியைப் பிடிக்கும் அமைப்பே பழுதாகும்.

சுரபுன்னையின் முக்கிய உத்தி இது: உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே வடிகட்டிவிடும். இலையில் உப்புச் சுரப்பி கிடையாது.

வெண்கண்டலும் வேரில் தடுக்கிறது. தப்பி வந்ததை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயிலில் அந்த இலையைத் தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அப்புறம், செல்லுக்குள் கிளைசின் பீட்டைன் என்ற பொருளைச் சேர்த்து நீரைப் பிடித்துவைக்கும்.

உப்பு மிஞ்சிய மண்ணுக்கு என் ஓட்டு வெண்கண்டலுக்கே. அதற்காக அது உப்பை விரும்புகிறது என்று நினைக்க வேண்டாம். நன்னீர் கலந்த நீரில்தான் அதுவும் செழிக்கும். சுரபுன்னையை வாய்க்கால் ஓரத்தில் நடலாம், ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) அங்கே உப்பைத் தேங்கவிடாது.