ஆறாவது லேப்பில் ஏறிய சூடு

நாலரை வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். இரண்டே சீட், சீட்டுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், டர்போ கிடையாது, மேனுவல் கியர். வாங்கும்போது 38,000 கி.மீ. ஓடியிருந்தது, இப்போது 61,000. பெரும்பகுதி ஈசிஆரில் விடியற்காலையில் ஓட்டியது. ஆனாலும் இந்த வண்டியைப் பற்றி நான் உருப்படியாகத் தெரிந்துகொண்டதெல்லாம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டிய பதினான்கு நாட்களில்தான். கம்பெனி பெயரை எழுதவில்லை. இன்ஜின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கிற எந்த வண்டிக்கும் இதே கதை, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும் கதை, நடக்கலாம்.

முதல் வருஷம் மூன்று டிராக் டே (சொந்த வண்டியை டிராக்கில் ஓட்ட விடும் நாள்), மூன்றும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில். ஒரு குறையும் இல்லை. ஒரு தடவை கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் டிராக்கிலும் ஓட்டினேன், அங்கும் வண்டி குளிர்ச்சியாகவே இருந்தது. சிக்கல் தலைகாட்டியது இரண்டாம் வருஷம் ஏப்ரலில். காலை பதினொரு மணி செஷன், வெளியில் 38 டிகிரி. ஐந்தாவது லேப், அதாவது டிராக்கில் ஐந்தாவது சுற்று, முடியும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து ஒரு நூல் அளவு நகர்ந்த மாதிரி இருந்தது. ஆறாவது லேப் பாதியில் அது முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே பவரைக் குறைத்திருந்தது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு சூட்டில், ப்ளோயரைக் கடைசி வேகத்தில் வைத்து, மேல் கியரில் உருட்டிக்கொண்டே, டிராக்கை ஒட்டி வண்டி நிறுத்தும் பிட்டுக்கு வந்தேன். ஏப்ரல் வெயிலில், ஹெல்மெட்டுக்குள், முகத்துக்கு நேராக ஹீட்டர் காற்று. தாங்க முடியாதுதான். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர், அது எடுக்கிற சூடு இன்ஜினிலிருந்து போகிற சூடு. பிட்டில் நின்றதும் இன்ஜினை உடனே அணைக்கவில்லை. அணைத்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின், அதாவது கூலன்டின், ஓட்டம் நின்று, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் தேங்கியிருக்கும் சூடு அங்கேயே இருக்கும். ஃபேன் ஓட, ஐடிலில் ஐந்து நிமிஷம் விட்டு, முள் இறங்கிய பிறகுதான் சாவியைத் திருப்பினேன். கூலன்ட் டேங்க் மூடியில் சாயந்திரம் வரை கை வைக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மாற்றினார்கள், வாட்டர் பம்ப்பையும் மாற்றினார்கள், பழைய கூலன்டை வடித்துப் புதிதாக நிரப்பினார்கள். பில் அறுபதாயிரத்தைத் தாண்டியது. பம்ப் மாற்றியதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வயதில் மாற்றவேண்டிய பாகம்தான். ஆனால் கழற்றிய பம்ப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் இறக்கைகள் ஒன்றுகூட உடையவில்லை. தெர்மோஸ்டாட்டை வீட்டில் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்து அடுப்பில் சூடாக்கினேன். திறக்கவேண்டிய சூட்டில் திறந்தது, முழுசாகவும் திறந்தது. அப்போதே மனசு சொல்லிவிட்டது, நோய் அப்படியே இருக்கிறது என்று. ஜூலையில் மறுபடி டிராக், மறுபடி அதே ஆறாவது லேப்.

அன்று இரவுதான் ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் வாங்கினேன். இந்த நாலரை வருஷத்தில் வண்டிக்குச் செய்த செலவில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. ஸ்டியரிங் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் கூலன்ட் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு, ஆர்பிஎம், வேகம் எல்லாம் போனில் நொடிக்கு நொடி பதிவாகும். முதல் பதிவே கண்ணைத் திறந்தது. டேஷ்போர்டு முள் 80 டிகிரியிலும் நடுவில்தான் நிற்கிறது, 105-லும் நடுவில்தான் நிற்கிறது! இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் முள்ளை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஓட்டுபவர் பயப்படக்கூடாது என்பது நோக்கம். ரோட்டில் அது சரி, டிராக்கில் அது ஆபத்து. முள் நகர்வது கண்ணில் படும்போது காரியம் கைமீறியிருக்கும்.

ஜூலையில் இன்னொரு நாள் ஓட்டி எடுத்த பதிவில் லேப் வாரியாகச் சூடு இப்படி: 90, 94, 98, 103, 107, 111. சரியாக இருக்கிற வண்டியில் சூடு முதல் மூன்று நாலு லேப் ஏறும், பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். உண்டாகிற சூடும் வெளியே போகிற சூடும் சமமாகும் இடம் அது. என் வண்டியில் அந்த இடமே வரவில்லை. இன்னொன்று, டிராக்கின் நேர்ப்பாதையான மெயின் ஸ்ட்ரெய்ட்டில் வேகம் கூடும்போது ரேடியேட்டருக்குக் காற்று அதிகம், கிராஃப் கோடு இரண்டு மூன்று டிகிரியாவது கீழே வளையவேண்டும். வளையவில்லை. அதே வண்டி கிண்டி கத்திப்பாரா நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலும் ஃபேன் ஓடியதும் 100-லிருந்து 94-க்கு இறங்கிவிடும். நெரிசலில் ஹீட் ஆகி வேகத்தில் தணிந்தால் ஃபேனைச் சந்தேகிக்கலாம். நெரிசலில் சமாளித்து, முழு பவரில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர், கூலன்ட் ஓட்டம், ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) இந்த மூன்றில் ஒன்று.

வெயிலையும் கணக்கில் எடுக்கவேண்டும். ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு, கூலன்டுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95, காற்று 20 என்றால் வித்தியாசம் 75. காற்று 40 ஆனால் வித்தியாசம் 55 தான். அதே ரேடியேட்டர் கால்பங்குக்கும் மேல் வலு இழந்துவிடுகிறது. ஜனவரியில் மறைந்திருந்த குறை ஏப்ரலில் வெளியே வந்தது இதனால்தான். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு நம் வண்டியை மதிப்பிட முடியாது.

சென்னையில் பாடி என்ற இடத்துப் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், ரேலி வண்டிகளில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் போனை நீட்டி கிராஃபைக் காட்டினேன். “மூணாவதா நடுவுல ஒரு ரேடியேட்டர் போட்டா சரியாயிடுமாண்ணே?” என்று கேட்டேன். நண்பர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “இருக்கற ரெண்டும் வேலை செய்யுதான்னு மொதல்ல பாப்போம் தம்பி. பாகம் வாங்கறது கடைசில” என்றார்.

முதலில் கூலன்ட் சிஸ்டத்தை பிரஷர் டெஸ்டரால் அழுத்திப் பார்த்தார். இருபது நிமிஷம் முள் அசையவில்லை, லீக் கிடையாது. மூடியைத் தனியாகச் சோதித்தார். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும், மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் அது 125-ஐத் தாண்டும். மூடி நன்றாக இருந்தது. பிறகு ஹெட் கேஸ்கட். டேங்க் வாயில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் நீலத் திரவம். இன்ஜின் புகை கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அந்தப் பத்து நிமிஷம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீலம் நீலமாகவே இருந்தது. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் இன்ஜினை இறக்கவேண்டும், இந்த வண்டியில் அது பெரிய வேலை.

அடுத்துச் செய்ததுதான் விஷயத்தை உடைத்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, முன் வீல் லைனர்களைக் கழற்றினார். இந்த வண்டியில் பம்பரின் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு ரேடியேட்டர். உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய் இரண்டிலும் ஒரு சின்னத் துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினார். பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் கன் தப்பான அளவு காட்டும், கறுப்பு டேப்பில் சரியாகக் காட்டும். ஏசி போட்டு ஃபேனை ஓடவிட்டு, ஆர்பிஎம்மை 2,500-ல் நிறுத்தி அளந்தோம். வலது பக்கம் உள்ளே 94, வெளியே 84. இடது பக்கம் உள்ளே 94, வெளியே 91.

இடது ரேடியேட்டருக்குள் தண்ணீர் போகும் வழி அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே நின்று ஆறி, வெளியே போகும் குழாய் மிகவும் குளிர்ந்திருக்கும். இங்கே நேர்மாறு. தண்ணீர் நன்றாக ஓடுகிறது, ஆனால் சூட்டை இறக்கி வைக்க முடியாமல் அப்படியே திரும்பி வருகிறது. அப்படியென்றால் குறை தண்ணீரில் இல்லை, காற்றில்.

பம்பரைக் கழற்றினோம். முன்னால் தெரிவது ஏசி கேஸைக் குளிர்விக்கும் கன்டென்ஸர், அது சுத்தமாகப் பளிச்சென்று இருந்தது. சர்வீஸ் சென்டரில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால்கூட இதைத்தான் பார்த்திருப்பார்கள். போல்ட்டுகளை எடுத்து கன்டென்ஸரை, கேஸ் குழாய்க்கு நோகாமல், நாலு விரற்கடை முன்னால் சாய்த்தார். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு படலம். வேப்பஞ்சருகு, டிராக்கில் டயர் உதிர்க்கும் ரப்பர் உருண்டைகள், செத்த பூச்சி, மணல், பால் பாக்கெட்டின் ஒரு மூலை, எல்லாம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரலால் நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது, அதன் பின்பக்கத்தில் ரேடியேட்டர் ஃபின்களின், அதாவது மெல்லிய தகடுகளின், வரி அச்சு அடித்த மாதிரி பதிந்திருந்தது. இடது பக்கம் மட்டும் அரை பக்கெட். வலது பக்கம் அதில் கால்வாசிகூட இல்லை. நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம், சருகும் குப்பையும் ஒதுங்குவது இடது ஓரத்தில். காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

சுத்தம் செய்ததையும் சொல்லவேண்டும், இதில் அவசரப்பட்டால் புது ரேடியேட்டர் வாங்க நேரும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை அவர் தொடவே விடவில்லை, ஃபின் மடங்கிவிடும். மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக நீவி, சாதாரண ஹோஸ் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று வரும் திசைக்கு எதிராகப் பாய்ச்சினார். மடங்கியிருந்த ஃபின்களைச் சீப்பு மாதிரி ஒரு கருவியால் வரிசை வரிசையாக நிமிர்த்தினார். மூன்று மணி நேரம் ஆனது. ரேடியேட்டரைச் சுற்றி இருக்கவேண்டிய ஃபோம் பட்டை இரண்டு இடத்தில் காணவில்லை, அந்த இடைவெளி வழியாகக் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் தப்பித்துக்கொண்டிருந்தது. புதுப் பட்டை ஒட்டினோம்.

இன்னொரு குறையும் இருந்தது. பம்ப் மாற்றிய பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் சலசலக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது சிஸ்டத்தில் காற்று தங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் வண்டியின் தரைக்கடியில் நீளமான குழாய்கள், மொத்தம் இருபது லிட்டருக்கு மேல் கூலன்ட். மேலிருந்து ஊற்றினால் காற்று எங்காவது சிக்கிக்கொள்ளும். சிஸ்டத்தை வெற்றிடமாக்கி, பத்து நிமிஷம் அது நிற்கிறதா என்று பார்த்து, பிறகு வால்வைத் திறந்து கூலன்டை உறிஞ்சவிட்டார். சத்தம் போய்விட்டது.

தண்ணீரோடு கலக்கும் கூலன்டின் பங்கை கையேடு அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் குறைத்தேன். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி, கூலன்ட் கூடக் கூட அந்தத் திறன் குறையும். சென்னையில் உறைபனிப் பயம் இல்லை. ஆனால் துரு தடுப்பு மருந்து கூலன்டில்தான் இருக்கிறது, அதனால் கையேடு சொல்லும் அளவுக்குக் கீழே போகவில்லை. கலந்தது டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீரை இதில் ஊற்றுவது பாவம். பாத்திரத்தில் படியும் உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும்.

ஆகஸ்டில் அதே டிராக், வெளியில் 36 டிகிரி. லேப் வாரியாக 89, 93, 96, 98, 99, 99, 98. ஸ்ட்ரெய்ட் முடியும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கோடு மூன்று டிகிரி கீழே வளைந்தது. பிட்டில் போனைப் பார்த்துவிட்டு அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். “ரேடியேட்டர் காசு மிச்சம் தம்பி, டயர் வாங்கு” என்று பதில் வந்தது. வாங்கினேன்.

அதற்குப் பிறகான இரண்டரை வருஷத்தில் ஒருமுறைகூட 104-ஐத் தாண்டவில்லை. அந்த 104-ம் மே மாதம், முன்னால் போன வண்டியின் பின்னாலேயே நாலு லேப் ஒட்டிக்கொண்டு ஓட்டியபோது வந்தது. ஒட்டி ஓட்டினால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு, வருகிற காற்றும் சூடு. ஒரு லேப் இடைவெளி விட்டுப் பின்வாங்கியதும் இறங்கியது. வெயில் காலத்தில் 7,200 ஆர்பிஎம் வரை இழுக்காமல் 6,600-ல் கியர் மாற்றுகிறேன், லேப் டைமில் அரை நொடி போகிறது, சூடு மூன்று டிகிரி குறைகிறது. எனக்கு இது நல்ல பேரம். பம்பர் வாயில் வலை போட்டிருக்கிறேன். வலையால் ஒரு டிகிரி கூடுவது பதிவில் தெரிகிறது, இருந்தாலும் வைத்துக்கொண்டேன். ஆயில் சூடு தனிக்கதை. வெயிலில் 125 வரை போகிறது, அதனால் மூன்று டிராக் டேவுக்கு ஒருமுறை ஆயில் மாற்றிவிடுகிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச்சில், பம்பரைக் கழற்றுகிறோம். இப்போது அதை நானே கழற்றுவேன், கன்டென்ஸரைச் சாய்ப்பது மட்டும் அண்ணன். போன மார்ச்சில் இடது பக்கத்திலிருந்து வந்த சருகை டீ குடித்து முடித்த பேப்பர் கப்பில் அள்ளிப் போட்டார். கப் நிரம்பவில்லை.