பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள்

காரைக்குடியில் பழைய தாள், ஓலைகளை ஸ்கேன் செய்து தருகிற ஒரு சின்னக் கடையில் போன மாதம் வேலை கொடுத்தேன். ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். மீதி ஒன்றரை எங்கே போச்சு என்று சொல்லத்தான் இது.

எங்க ஐயாவோட ஐயா திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய எண்சுவடி (கணக்கு வாய்பாடு) ஓலைக்கட்டு ஒன்றும், நூல் கோத்துத் தைத்த தாள் நோட்டு இரண்டும் தேக்குப் பெட்டிக்குள் கிடந்தன. பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் பெட்டியைக் காட்டினால், "பெட்டிக்குத்தாண்ணே விலை, உள்ள இருக்கற குப்பையைத் தட்டிட்டுக் கொண்டாங்க" என்றார் ஒருவர். அதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் கடைப் பையன், "இனி கிழியாது சார்" என்று ஒரு தாளை லேமினேட் போட்டே கொடுத்துவிட்டான். பிரித்தால் எழுத்தும் கூடவே வரும். அது அப்படியே கிடக்கிறது.

இந்தக் கடையில் அந்தக் கூத்தெல்லாம் இல்லை. ஓலையை மெல்லிய பிரஷால் தட்டி, எலுமிச்சைப் புல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, மங்கின இடத்தில் கரி தேய்த்துவிட்டு, மேலேயிருந்து கேமராவில் எடுக்கிறார்கள். எழுத்தாணிக் கீறலுக்குள் கரி இறங்கியதும் மாகாணி வாய்பாடு பளிச்சென்று எழுந்து வந்தது. மாகாணி பதினாறில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. பின்னால் பர்மாவுக்குப் போய் வட்டிச் சிட்டை எழுதப்போகிற பையன்களுக்கு அதுதானே சோறு.

கோளாறு தாள் நோட்டில்தான். முன்பக்கம் மட்டும் எடுத்திருந்தார்கள். கேட்டால், "பின்னாடி சும்மா கணக்குதான் சார் இருக்கு." அந்தச் சும்மாக் கணக்குக்குத்தான் நான் அலைந்ததே! பையன் பெயர், வாத்தியாருக்குச் சம்பளமாகக் கொடுத்த நெல், வாவுக்கு (அமாவாசை, பௌர்ணமிக்கு) கொடுத்த காசு எல்லாம் அங்கேதான். ௰ என்ற பத்தை 'ய' என்று வாசித்துப் பட்டியல் தட்டியிருந்தார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். 'தாது வருஷம்' என்றிருந்த பக்கத்துக்கு 1936 என்று பெயர் வைத்ததுதான் பொறுக்கவில்லை. அறுபது வருஷச் சுற்றில் இது ஒரு சுற்று முந்தினது, 1876. பஞ்சம் வந்த வருஷம். ஆவணியில் பதினொரு பையன்கள். மாசியில் நாலு பெயர்தான். நெல் எழுதும் இடத்தில் ஒரே ஒரு வரி, 'கேழ்வரகு நாழி'. மற்ற மூன்று பேருக்கும் வெறும் கோடு. கோடு போட்டும் பாடம் நடத்தியிருக்கிறார் மனுஷன்.

எடுத்துச் சொன்னதும் முகம் சுளிக்காமல் பின்பக்கம் முழுவதையும் காசு வாங்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். அதற்காகத்தான் மூன்றரை, இல்லாவிட்டால் இரண்டுதான்.

போகிறவர்கள் வருஷப் பெயரையெல்லாம் ஆங்கில வருஷத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே உட்காருங்கள், ஸ்டூல் போடுவார்கள். மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு வரை கடை பூட்டியிருக்கும். பென் டிரைவ் நாமேதான் கொண்டுபோக வேண்டும்.