நந்திக்கடல் வள்ளமா, இங்கிலாந்துக் கால்வாய்ப் படகா?

இங்கிலாந்திலிருந்து அண்ணா வந்தால் பேச்சு ஒன்றுதான்: வாடகைக்கு எடுத்த கால்வாய்ப் படகு. 'நரோபோட்' என்பார்கள். அகலம் 7 அடிதான், நீளமோ 70 அடி வரை போகும். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. வேகம் மணிக்கு 4 மைலைத் தாண்டக்கூடாது. கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் மெதுவாகப் போகவேண்டும். கரையில் நாயோடு நடப்பவர் முந்திப் போய்விடுவாராம்.

நிலம் மேடாகும் இடத்தில் 'லொக்' வரும். படகை உள்ளே விட்டு, பின்கதவைச் சாத்தி, மேல் மடையைத் திறந்தால் தண்ணீர் நிரம்பிப் படகு எழும். லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் நடுவே கிராண்ட் யூனியன் கால்வாயில் இப்படி 160க்கு மேல். குளத்து மடை பார்த்து வளர்ந்த வன்னி ஆட்களுக்கு மடை புதினமில்லை, படகு படியேறுவதுதான் புதினம்.

நம் வாய்க்காலில் இது சரிவராது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு. நமக்கு இருப்பது முல்லைத்தீவுப் பக்கத்து நந்திக்கடலும் கொக்கிளாயும். ஆழம் குறைந்த களப்பு, மரக்கோல் ஊன்றியே வள்ளத்தில் போகலாம். கண்டல் ஓரம், இறால் பிடிப்பவர்கள், நீர்ப்பறவைகள். வள்ளத்துக்குக் கூரை கிடையாது, பத்து மணிக்குப் பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும்.

ஒரு கிழமை லீவென்றால் அண்ணாவின் படகு. ஒரு விடியற்காலைக்கு வள்ளம்தான். போன முறை அதில் அரைமணி நேரம் அண்ணா வாயே திறக்கவில்லை.